மாசியில் துளிர்த்த கொன்னை

எங்கள் ஊரில் மலைக்குப் போகும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பதில்லை. ஊர்க்கோடியில் நிற்கும் கொன்னை மரத்தைப் பார்த்துத்தான் குறிப்போம். ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஐயர் வந்து நல்ல நேரம் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அப்புறம் போய் மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிற ஜனங்கள் நாங்கள்.

பட்டை உரிப்பதுதான் எங்கள் பெண்களின் பிழைப்பு. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் தோலைப் பதம் பண்ண ஆவாரம்பட்டையும் கொன்னம்பட்டையும் வேண்டும். கொன்னை மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்போது பட்டை கட்டையோடு ஒட்டிக் கிடக்கும். துளிர் விடும் சமயத்தில் மரத்துக்குள் நீர் ஏறும். அப்போது வெட்டிய கிளையைக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் போதும், பட்டை தானாகக் கழன்று வரும். அடிவாரத்து மரம் முதலில் துளிர்க்கும். அதற்கு அடுத்த அமாவாசைக்குள் மலைமேல் இருக்கிற மரங்கள் துளிர்த்துவிடும். அதனால் ஊர்க்கோடி மரத்தில் செம்பு நிறத்தில் துளிர் கண்டதுமே மலையில் தங்கிச் சாப்பிட வீட்டுக்கு வீடு கேழ்வரகு திரிக்க ஆரம்பிப்பார்கள். எனக்குத் தெரிந்து பங்குனிக் கடைசிக்கு முன்னால் அது நடந்ததில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் அதே மரத்தின் தலையில்தான் இருந்தது. அது துளிர்க்கும் வரை மலைமேல் யாரும் நெருப்பு மூட்டக் கூடாது. மாடு தேடிப் போகிறவன் பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. துளிர்த்துவிட்டால் மூட்டலாம், சமைக்கலாம், குளிர் காயலாம். ஏன் அப்படி என்று எங்கள் ஊரில் எவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் அக்காள் மகள் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். இந்தக் கோபம் எனக்குச் சாகும் வரை தீராது.

நான் கன்னியப்பன், வண்டிக்காரன். மலையிலிருந்து இறங்கும் பட்டைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. என் மாடுகளுக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை என்று ஊரில் சொல்வார்கள். மாடுகளுக்கு அக்காள் ஜெயம்மாள் வாய்க்கவில்லை, வாய்த்திருந்தால் அவையும் என்னைப் போலத்தான் இருந்திருக்கும்.

ஜெயம்மாள் பட்டைக்காரப் பெண்களுக்கு மேஸ்திரி. அவளையும் மகளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டம். அவள் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்காரும். புருஷன் காலரா வாந்தியில் போனபிறகு ஒரே மகளை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவள். அவள் நாள் குறித்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு, அதை மறைக்கவும் மாட்டாள். மகள் தனகோடிக்கு இருபத்திரண்டு வயது. அவள் புருஷன் ரப்பர்த் தோட்டத்து வேலைக்கென்று மலாயாவுக்குக் கப்பல் ஏறியவன், ஏறியதுதான் சேதி. தனகோடி அதற்காக அழுதுகொண்டு கிடக்கவில்லை. கொட்டாப்புளியைக் கையில் எடுத்தால் இரண்டு பேர் வேலை செய்வாள். வாயைத் திறந்தால் நாலு பேர் வாயை அடைப்பாள். தாயும் மகளும் பேசிக்கொண்டால் சண்டை போடுகிறார்களா சிரிக்கிறார்களா என்று வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

அந்த யுவ வருஷத்து ஆவணியில், ஆம்பூர் ஹயாத் பாஷா சாயபு எங்கள் ஊர்க்கோடியில் பட்டை அரைக்கிற மில் ஒன்றைக் கட்டினார். முழுப்பட்டையாக வண்டி ஏற்றுவதைவிட இங்கேயே அரைத்து மூட்டை கட்டினால் கூலி கம்மி. அதற்கு ஒரு எண்ணெய் இஞ்சின் வந்தது. அதை ஓட்ட சர்தார் பாஷா என்கிற ஆள் வந்தார். உடம்பெல்லாம் எண்ணெயும் பட்டைத் தூசியுமாக இருப்பார், நல்ல மனுஷர். இஞ்சின் ஓடினால் சூடாகும். சூட்டைத் தணிக்கக் கிணற்றுத் தண்ணீர் அதற்குள் போய், கை பொறுக்கிற அளவு வெந்நீராக வெளியே வரும். நாள் முழுவதும் அது வழிந்து, பெண்கள் கட்டுச் சுமந்து வருகிற பாதையில் பாய்ந்தது.

பாதை சேறாகிவிட்டது. கமலம் என்கிறவள் கட்டோடு வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஜெயம்மாள் நேராக மில்லுக்குப் போய் நின்றாள். நான் அப்போது மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“பாய், பொம்பளைங்க செம தூக்கினு வர்ற பாதை இது. நாளைக்கு ஒருத்தி வுழுந்து செத்தா யாரு பதில் சொல்றது?”

“நான் இன்னா பண்றது அக்கா? தண்ணி வுட்டாத்தான் இஞ்சினு ஓடும். ஓடின தண்ணி எங்கயாவது போவணும் இல்ல?” என்றார் சர்தார் பாஷா.

ஜெயம்மாள் சுற்றிலும் பார்த்தாள். “அந்தாண்ட திருப்பி வுடு. கொன்னை மரத்தாண்ட போவட்டும். மரத்துக்காவது ஆவும்.”

அன்று சாயங்காலமே சர்தார் பாஷா மண்வெட்டி எடுத்து ஒரு வாய்க்கால் வெட்டினார். வெந்நீர் பாதையை விட்டு மரத்தடிக்குத் திரும்பியது. பாதை காய்ந்தது. ஜெயம்மாளைப் பெண்கள் மெச்சினார்கள். அதோடு எல்லோரும் அதை மறந்துபோனோம்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையே இல்லை. இரண்டு தூற்றல் தூறிவிட்டு வானம் கையை விரித்தது. தை பிறந்தபோது ஏரியில் மாடு குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. மார்கழிப் பனியும் ஒழுங்காக இறங்கவில்லை. கொல்லையில் மல்லாட்டை கருகி, செடியைப் பிடுங்கினால் வேரில் இரண்டு சொத்தைக் காய் வந்தது. ஆக எல்லார் வயிறும் மலையைத்தான் நம்பியிருந்தது. கொன்னம்பட்டை கைகொடுத்தால் ஆடிவரை கஞ்சி, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மலை என்னவோ அடிவாரத்திலிருந்து உச்சி வரை சாம்பல் நிறத்தில் கிடந்தது. அப்படிக் காய்ந்த மலையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மாசி நடுவில் ஒரு நாள் காலையில் கமலம் தெருவில் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஊர்க்கோடிக் கொன்னை துளிர்த்துவிட்டது.

ஊரே போய் நின்றது. உண்மைதான். நுனிக் கிளைகளில் செம்பு நிறத்தில் பளபளவென்று துளிர், சில இடத்தில் விரல் நீளத்துக்குப் பச்சையாகவும் விரிந்திருந்தது. பட்டினி கிடந்த சனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மழை பொய்த்தாலும் மரம் பொய்க்காது என்று ஒரு கிழவர் சொன்னார், எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

தனகோடி மட்டும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“ம்மா, மில்லுப் பக்கம் மட்டும்தான் துளிர்த்திருக்குது. இந்தப் பக்கம் பாரு, குச்சியா நிக்குது. பாதி மரம்தான் இது.”

“பாதிப் பிரசவம்னு உலகத்துல ஒண்ணு உண்டாடி? துளிர் வுட்டா வுட்டதுதான்” என்றாள் ஜெயம்மாள். கூட்டம் சிரித்தது.

“மலையப் பாரும்மா. ஒரு பொட்டுப் பச்சை இல்ல. இன்னும் ஒரு மாசம் பொறுத்தா இன்னா?”

“என்னிக்கு நாம மலையப் பாத்து ஏறினோம்? பச்சை வர்ற வரைக்கும் நின்னா, வர்ற நேரத்துக்கு வெளியூர்க்காரி ஏறி உரிச்சுனு போய்டுவா. மரம் சொல்லியாச்சு. உங்க அப்பன் இருந்தாலும் இதான் சொல்லுவான்.”

நான் குறுக்கே புகுந்தேன். “அக்கா, காட்டு இலாகா பர்மிட்டு ஒரு மாசத்துக்குத்தானே? உள்ள காலு வெச்ச நாள்லேர்ந்து கணக்கு. ஏறிட்டு சும்மா உக்காந்தா அதுவும் போய்டும்.”

“நீ வண்டி ஓட்டுடா. மலை விஷயம் உனக்கு இன்னாத்துக்கு?” என்று என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். நாற்பது பேர் முன்னால் அவள் முறைத்தால் நான் மாடு மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன், சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். பிறகு மகளிடம் திரும்பினாள். “இஷ்டம் இல்லாதவ வூட்ல இரு. யாரும் கையப் புடிச்சு இழுக்கல.”

தனகோடி வீட்டுக்குப் போனாள். அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பார்த்தால் கொட்டாப்புளிக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்தாள். “இன்னா, போறியா?” என்றேன். “அம்மா தனியாப் போனா அதோட யாரு மாமா சண்டை போடுறது?” என்றாள்.

காட்டு வாசலில் ஃபாரஸ்ட் கார்டு காசிநாதன் பர்மிட்டில் அன்றைய தேதியைப் போட்டுக் கொடுத்தார். “இன்னா ஜெயம்மா, மாசியிலயே கிளம்பிட்ட?” என்றார். “மரம் துளிர்த்துடுச்சுங்க” என்றாள். அவரும் எங்கள் பக்கத்து மனுஷர்தான். மரம் துளிர்த்துவிட்டது என்றதும் மேலே ஒன்றும் கேட்காமல் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து நான் மாவும் உப்பும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வழியெங்கும் முழங்கால் வரை சருகு. நடந்தால் நொறுங்குகிற சத்தம் மலையெல்லாம் கேட்டது. ஓடையில் ஈரம் இல்லை, பெண்கள் பள்ளம் தோண்டி ஊற்றிலிருந்து கொட்டாங்கச்சியால் மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். கொன்னை மரங்கள் எல்லாம் காய்ந்த நெற்றுகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு மொட்டையாக நின்றன. மொக்கு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

கூட்டம் பாறைத் தளத்தின்மேல் உட்கார்ந்து கிளைகளை அடித்துக்கொண்டிருந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகரலாம், நீர் ஏறாத கொன்னம்பட்டை நகராது. அடித்து அடித்துப் பட்டை நார் நாராக நைந்து வந்தது. எல்லோர் உள்ளங்கையும் கொப்புளம் உடைந்து துணி சுற்றியிருந்தது. வழக்கமாக இரண்டு வாரத்தில் நாலு வண்டிக்கு ஏறும். அன்றைக்கு என் வண்டியில் பாதிகூட நிரம்பாது. அந்தப் பாதியையும் சாயபு வாங்குவாரா என்பது சந்தேகம். நைந்த பட்டையில் ஊறின தோல் நிறம் கெட்டுவிடும் என்று போன வருஷமே கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

அதைச் சொன்னேன். கமலம் கொட்டாப்புளியைக் கீழே போட்டாள்.

“எங்க அம்மா ஊர்ல அனல் காட்டி உரிப்பாங்க. ஆந்திராப் பக்கம் எல்லாரும் அப்படித்தான். நெருப்பு கனிஞ்சதும் மேல கிளையப் போட்டுப் புரட்டினா உள்ள இருக்கிற கொஞ்ச ஈரம் ஆவியாயி பட்டைய தூக்கி வுடும். நைய்யாம வரும்.”

எல்லோரும் ஜெயம்மாளைப் பார்த்தார்கள்.

“வேணாம்” என்றாள் தனகோடி. “இந்தச் சருகுல நெருப்பா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?”

“மரம் துளிர்க்கிற வரைக்கும்தானேடி நெருப்புக்குத் தடை?” என்றாள் கமலம். “துளிர்த்துத்தானே ஏறினோம்? அது உரிக்க மட்டும் செல்லும், நெருப்புக்குச் செல்லாதா? எனக்கு வூட்ல மூணு வாயி இருக்குது தனகோடி. உனக்கு இன்னா, தாயும் மகளும்.”

புருஷன் திரும்பி வராதவளிடம் அது கூடாத சொல். தனகோடியின் முகம் சிறுத்துப் போனது. ஜெயம்மாள் எழுந்து நின்று மலையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பார்த்தாள் என்பதற்கு நான் சாட்சி. மொட்டை மரங்களை, சருகை, வெளுத்த வானத்தை எல்லாம் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபது வருஷமாக அந்த மரத்தின் சொல்லை வைத்து மேஸ்திரியாக இருந்தவள், மரம் தப்பு என்று சொன்னால் தான் யார் என்கிற கேள்வி வரும். அதை அவளால் கேட்டுக்கொள்ள முடியவில்லை. ஊரில் பெரிய மனுஷர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் கெட்டிருக்கிறார்கள், என் அக்காளுக்கு மட்டும் ஏன் விலக்கு இருக்க வேண்டும்?

“தடை இல்ல. மூட்டலாம்” என்றாள்.

“அக்கா, வேணாம்க்கா. இறங்கிடலாம்” என்றேன்.

“இறங்கி? ஆடி வரைக்கும் உன் மாட்டுக்கு வைக்கிற வைக்கோலத் திங்கறதா?”

தனகோடி காலடியில் கிடந்த சருகைக் காலால் ஒதுக்கினாள். பிறகு, “சரி, மூட்டுங்க. ஆனா நெருப்ப நான்தான் பாத்துக்குவேன். உங்க ஒருத்தியையும் நம்ப மாட்டேன். நான் இல்லாத நேரத்துல ஒரு கங்கு இருக்கக் கூடாது” என்றாள். அந்தக் கூட்டத்தில் நெருப்புக்குப் பயந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் நெருப்பு அவள் கைக்கு வந்தது.

பாறையின் நடுவில் குழியான இடம் பார்த்து, சுற்றிலும் சருகைக் கூட்டி ஒதுக்கி, அவளே நெருப்பு மூட்டினாள். கமலம் சொன்னது பொய்யில்லை. அனலில் புரட்டிய கிளையைத் தட்டியதும் பட்டை முழுசாகக் கழன்று வந்தது. பெண்கள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. “பாத்தியாடி?” என்று ஜெயம்மாள் மகளைச் சீண்டினாள். “பாத்தேன், பாத்தேன்” என்று சொல்லிவிட்டுத் தனகோடி என்னிடம் வந்தாள். “மாமா, வர்ற தடவை ரெண்டு தண்ணித் தோண்டி எடுத்துனு வாங்க. கையாண்ட தண்ணி வெச்சிருக்கணும்.” நான் சரி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்தத் தோண்டிகளைத்தான்.

அடுத்த தடவைக்கு நாள் இருக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், தோண்டி வாங்கிக்கொண்டு ஒடுகத்தூர்ச் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று காற்று சுழற்றி அடித்தது. மாடுகள் மிரண்டு நின்றன. நிமிர்ந்து பார்த்தால் மலைமேல் புகை. முதலில் ஒரு இடத்தில் நேராக நின்றது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து அகலமாயிற்று.

நான் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வழியில் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கீழே ஓடி வந்தார்கள். கமலம்தான் பிறகு எனக்குச் சொன்னாள். காற்று குழியிலிருந்த கங்குகளை அள்ளிப் பாறைக்கு வெளியே சருகில் போட்டிருக்கிறது. தனகோடி பாய்ந்து போய், அடித்து அணைக்கத் தழை தேடியிருக்கிறாள்.

காட்டுத் தீயை அடிக்கப் பச்சைத் தழை வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் வேறு வழியே கிடையாது. இலை நிறைந்த கிளையை ஒடித்து அடித்தால் தீ படுத்துவிடும். அந்த மலையில் அன்றைக்கு ஒரு பச்சைக் கிளை இல்லை. காய்ந்த குச்சியால் அடித்தாள், அது பற்றிக்கொண்டது. முந்தானையை உருவி அடித்தாள், அதுவும் பற்றிக்கொண்டது. “எல்லாரும் ஓடுங்க, ஓடைக்கு ஓடுங்க” என்று கத்திக்கொண்டே அடித்திருக்கிறாள். ஜெயம்மாளை நாலு பேர் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

துளிர்க்கும் வரை நெருப்பு கூடாது என்று எவனோ வைத்த கட்டுப்பாட்டுக்குக் காரணம் அதுதான். அணைக்கப் பச்சை இருந்தால் நெருப்பு மூட்டு, இல்லாவிட்டால் மூட்டாதே. இவ்வளவுதான் விஷயம். கட்டுப்பாட்டை ஞாபகம் வைத்துக்கொண்டோம், காரணத்தைத் தொலைத்துவிட்டோம். எனக்கே இது அன்றைக்கு, அவள் உடம்பைக் கிளைகளில் பாடை கட்டி இறக்கிக்கொண்டு வந்தபோதுதான் விளங்கியது. விளங்கி என்ன புண்ணியம்?

பதினொரு பேர் திரும்பி வந்தார்கள். மலை மூன்று நாள் எரிந்து தானாக அடங்கியது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊர் கொஞ்ச நாள் ஜெயம்மாளுக்காக இரங்கியது. பிறகு வாய் திரும்பியது. மகள் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்றார்கள். மரத்துக்குக் குறை வைத்திருப்பாள், அதுதான் மரம் பழி வாங்கிவிட்டது என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றைக்கு மரத்தடியில் கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே வாய்கள். ஜெயம்மாள் கஞ்சி கொடுத்தால் குடித்தாள், இல்லாவிட்டால் கேட்கவில்லை. காரியம் முடிகிற வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் கொட்டாப்புளியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். அது தனகோடியின் கொட்டாப்புளி, புதுப் பிடி போட்டது. நான் பின்னாலேயே போனேன். நேராக ஊர்க்கோடிக்குப் போனாள். கொன்னை மில் பக்கமாகத் தழைத்து, இப்போது பூக்கூட வைத்திருந்தது. மறுபக்கம் இன்னும் குச்சியாகவே நின்றது.

அடிமரத்தில், துளிர்த்த பக்கத்தின் ஓரமாக அரிவாளால் கீறினாள். நாலு தட்டுத் தட்டினாள். பட்டை மெத்தென்று கழன்று கையில் வந்தது. உள்ளே கட்டை வழவழவென்று நனைந்திருந்தது. அப்படி ஒரு நல்ல பட்டையை அந்த வருஷம் யாரும் உரித்திருக்க மாட்டார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மரம் பொய் சொல்லவில்லை. தனக்கு நீர் ஏறியதைத்தான் அது சொன்னது. மலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டது நாங்கள்.

“சாவு” என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக அடித்தாள். பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் பிழைக்காது, அது அவளுக்குத் தெரியும். அடித்துக்கொண்டே மரத்தைச் சுற்றி மில் பக்கம் வந்தாள். அங்கே கால் புதைந்தது. குனிந்து பார்த்தாள். கணுக்கால் வரை சேறு. காலை எடுத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தாள்.

“கன்னியப்பா, தண்ணி சுடுதுடா” என்றாள்.

தண்ணீரை அங்கே திருப்பச் சொன்னது யார் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டுச் சர்தார் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். உரித்த மரத்தைப் பார்த்தார், சேற்றில் இருந்த அவள் கையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

“இந்தத் தண்ணி எப்பலேர்ந்து இங்க வருது?” என்று கேட்டாள் ஜெயம்மாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

“மழை இல்லாத வருஷம் பாருங்க, மரம் காயுதேன்னு நான்தான் அக்கா திருப்பி வுட்டேன்” என்றார். “என் தப்புதான். எனக்குத் தெரியாது அக்கா, அல்லா மேல ஆணை, இப்படி ஆவும்னு தெரியாது.”

அவர் பொய் சொன்னார். அந்தப் பொய்க்காக அவர் காலில் விழலாம்போல இருந்தது எனக்கு. ஜெயம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை அவரிடமிருந்து அந்த வாய்க்காலுக்குப் போயிற்று. வாய்க்காலிலிருந்து, காய்ந்து வெளுத்துக் கிடந்த பெண்கள் பாதைக்குப் போயிற்று.

“இல்ல பாய்” என்றாள். “நான்தானே சொன்னேன். மரத்துக்காவது ஆவும்னு.”

அப்போதுதான் அவள் அழுதாள். சேற்றில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்த வெந்நீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு அழுதாள். சர்தார் பாஷா உள்ளே ஓடிப்போய் இஞ்சினை நிறுத்தினார். நான் தூக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

சித்திரையில் இரண்டு நல்ல மழை பெய்தது. எரிந்த மலை முழுவதும் ஒரே வாரத்தில் துளிர்த்தது, எந்த வருஷமும் இல்லாத அளவுக்குப் பச்சை. பர்மிட்டு எப்போதோ முடிந்துபோயிருந்தது. வெளியூர்க்காரிகள் வந்து உரித்துக்கொண்டு போனார்கள். ஊர்க்கோடிக் கொன்னை பூவோடு அப்படியே நின்று, வைகாசிக்குள் காய்ந்தது.

அது காய்வதற்கு முன்னாலேயே ஜெயம்மாள் ஒரு காரியம் செய்தாள். மண்வெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், மரத்தடிக்குப் போகிற வாய்க்காலை அடைத்துத் தண்ணீரைப் பழையபடி பாதைக்கே திருப்பினாள். ஆவாரம்பட்டைக் கட்டுச் சுமக்கிற பெண்களுக்கு வழி திரும்பவும் சேறாயிற்று. கமலம் அதில் இன்னொரு தடவை வழுக்கி விழுந்தாள். எழுந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு, கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அந்தத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பச் சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை.